பாட்டனார் துப்பாக்கி

முன்னோர் ஈட்டிய பொருள்கள் பின்னோர் கைக்கு வருங்கால் அவை தனித்து வருவதில்லை. நிலம் வந்தால் அதனோடு வரப்புச் சண்டையும் வரும். வீடு வந்தால் கடனும் வரும். நகை வந்தால் யாருக்கு எந்நகை என்னும் மனத்தாங்கலும் வரும். துப்பாக்கி வந்தாலோ ஒரு கதையும் ஒரு சட்டமும் உடன் வருகின்றன. கதையை மறுத்தால் சுற்றத்தார்க்கு வருத்தம். சட்டத்தை மறுத்தால் குற்றம். இவ்விரண்டுக்கும் நடுவே நின்று, பழைய ரைபிள் ஒன்றை இன்னதென்று அறிந்து, அதன் மதிப்பையும் துணிய வேண்டிய கடமை எமக்கு நேர்ந்தது. அவ்வாராய்ச்சியில் யாம் கண்டவை, சரித்திரமும் இரசாயனமும் பயிலும் மாணவ நண்பர்களுக்கும், பிதிரார்ஜிதப் பொருள்களைப் பெட்டியில் வைத்துக் காத்துவரும் பழைய மாணவர்களுக்கும் பயன்படலாமென்று கருதி ஈண்டு எழுதத் துணிந்தோம்.

எம் பெரிய தந்தையார் மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்துச் சிற்றூர் ஒன்றில் வேளாண்மை செய்து வாழ்ந்தவர். அவர் பெயரில் மூன்று துப்பாக்கிகளுக்கு உரிமம் இருந்தது. வாய்வழியே மருந்து கெட்டித்துச் சுடும் பழைய கேப்புத் துப்பாக்கி ஒன்று, 12 போர் இரட்டைக்குழல் துப்பாக்கி ஒன்று, ரைபிள் ஒன்று. ஒருவர் மூன்று துப்பாக்கிகள்வரை வைத்துக்கொள்ளப் படைக்கலச் சட்டம் முன்னர் இடந்தந்திருந்தது. 2019 டிசம்பரில் நிறைவேறிய திருத்தம் அத்தொகையை இரண்டாகக் குறைத்தது. மிகுதியாயுள்ளதை ஓராண்டுக்குள் ஒப்படைத்தல் வேண்டுமென்றும், வழிவழி உரிமையாக வருவனவற்றுக்கும் இவ்வரையறை பொருந்துமென்றும் விதித்தது. அத்தவணை முடியுமுன்னரே, 2020-இன் தொடக்கத்தில், பெரிய தந்தையார் தமது 90-ஆம் வயதில் இயற்கை எய்தினார். உரிமம் உடையவர் இறந்துபட்டால், வாரிசுகள் துப்பாக்கிகளைக் காவல் நிலையத்திலேனும் உரிமம் பெற்ற வணிகரிடத்திலேனும் ஒப்படைத்து வைத்துத் தம் பெயருக்கு உரிமம் கோருதல் முறை. எம் குடும்பத்துள் ஊரிலே தங்கி நிலம் பார்த்து வருபவர் பெரிய தந்தையாரின் மகளாராகிய எம் தமக்கையார் ஒருவரே. ஏனையோர் நகரங்களில் வாழ்பவர். துப்பாக்கி வைத்திருக்க அவர்கட்குக் காரணமுமில்லை, விருப்பமுமில்லை. ஆகவே மூன்றனுள் ஒன்று வீட்டைவிட்டு நீங்கியே தீரவேண்டும். எது நீங்குவது?

இவ்வினாவுக்கு எம் சிறிய தந்தையாரிடத்தில் ஆயத்தமான விடை இருந்தது. "எதைக் கொடுத்தாலும் ரைபிளைக் கொடுக்கலாகாது, அஃது அப்பா சண்டையில் பறித்துவந்த துப்பாக்கி" என்றார் அவர். எம் பாட்டனார் சென்னைச் சாப்பர்ஸ் படையில் சேர்ந்து மெசபொத்தாமியாவுக்குச் சென்றவர். பாலங் கட்டுதலும் பாதை சமைத்தலும் அப்படையின் தொழில். 1917 மார்ச் 11-ஆம் நாள் பாக்தாத் நகரம் பிரிட்டிஷார் வசமான காலத்தில் அவர் அந்நாட்டிலிருந்தார். துருக்கிச் சிப்பாய் ஒருவனை நேர்நின்று வீழ்த்தி, அவன் கையிலிருந்த ரைபிளைக் கைப்பற்றினாரென்றும், அவ்வீரத்தை மெச்சி மன்னர் பெயரால் அதன்மேல் முடியும் வெற்றிச் சின்னமும் பொறித்து அவருக்கே வழங்கினரென்றும் எம் வீட்டிற் கதை வழங்கியது. ஆண்டுதோறும் ஆயுத பூசையன்று ரைபிளைக் கூடத்தில் சார்த்திச் சந்தனமும் குங்குமமும் இடுவர். சிறுவராகிய யாமெல்லாம் அக்கதையை அப்போது கேட்போம். பெரிய அன்னையார்தாம் சந்தனமிடுவார். கதை நடக்கும்போது அவர் மட்டும் அடுக்களைக்குள் போய்விடுவது வழக்கம்.

மூன்று துப்பாக்கிகளும் நகரத்து வணிகர் ஒருவரிடம் ஒப்படைக்கப்பட்டபின், அவருடைய பட்டறையிலிருந்த முதிய கம்மியர் ஒருவர் துணையாக, ரைபிளை நேரில் ஆராயும் வாய்ப்பு எமக்குக் கிட்டியது. அவர் முதற்கண் செய்தது குழலில் தோட்டா இல்லையென்பதைக் கண்ணாலும் விரலாலும் உறுதி செய்ததே. "எத்தனை வருஷம் சும்மா இருந்த துப்பாக்கியானாலும் கெட்டித்திருக்கிறதென்றே எண்ணிக் கையில் எடுக்க வேண்டும்" என்றார். அடுத்து, இரும்பின்மேல் ஆண்டாண்டாகப் படிந்து காய்ந்திருந்த சந்தனத்தை எண்ணெய் தோய்த்த மெல்லிய துணியால் மெல்ல மெல்ல அகற்றினார். மணல்தாளோ கத்தியோ தொடவில்லை. பின்னர் வெண்சுண்ணக் கட்டியைத் தேய்த்துத் துடைக்க, பள்ளங்களில் வெண்மை தங்கி, மறைந்திருந்த குறிகளெல்லாம் ஒவ்வொன்றாய்த் துலங்கின. பூசனையே இத்தனை காலமும் எழுத்தை மறைத்திருந்தது.

துருக்கியப் படை அந்நாளில் பெரும்பாலும் ஏந்தியது ஜெர்மனி நாட்டு மௌசர் துப்பாக்கி. அதன்மேல் சுல்தானுடைய முத்திரையும், அரபு எழுத்துகளில் ஆலைப் பெயரும் ஆண்டும் பொறிக்கப்பட்டிருக்கும். எம் ரைபிளில் அத்தகைய எழுத்து ஒன்றேனும் இல்லை. எழுத்தை அழித்திருக்கலாமெனில், உறுப்பின் அமைப்பை அழித்தல் இயலாது. கைப்பிடியைத் திருப்பி இழுக்கும் தாழ்க்கோலை, மௌசர் வகை முன்முனையிலுள்ள முளைகளால் பூட்டும். லீ என்பார் வகுத்த முறையோ பின்புறத்தில் பூட்டும். ஸ்காட்லாந்திற் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்த ஜேம்ஸ் பாரிஸ் லீ அமைத்த இம்முறையையே பிரிட்டிஷ் படை 1888 முதல் தழுவி, பின்னர் லீ-என்பீல்டு என்னும் புகழ்பெற்ற ரைபிளாக வளர்த்தது. எம்முடையது பின்புறம் பூட்டுவது. ஆதலின் அது துருக்கியன் கைத் துப்பாக்கி அன்று என்பது முதற்றெளிவு.

வெற்றிச் சின்னமென்று யாம் கேட்டிருந்தது, மூன்று துப்பாக்கிகள் கூம்பு போலச் சாய்ந்து ஒன்றையொன்று தாங்கி நிற்கும் உருவம். அஃது இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரத்தில் 1861-இல் துப்பாக்கிக் கம்மியர் பலர் கூடி நிறுவிய பர்மிங்காம் ஸ்மால் ஆர்ம்ஸ் கம்பெனியின் வியாபார முத்திரையாம். அக்கம்பெனியின் சுருக்கப்பெயரை நம் நாட்டிற் குழந்தைகளும் அறிவர்; பி.எஸ்.ஏ. என்னும் மிதிவண்டியின் பெயர் அதுவே. துப்பாக்கி செய்த ஆலையே மிதிவண்டியும் செய்தது; அப்பெயர் பிற்காலத்தில் அம்பத்தூர்வரை வந்தது. மன்னர் அளித்த முடி என்பதோ இன்னும் வியப்பானது. முடியின்கீழ் இரண்டிரண்டு எழுத்துகளாகப் பி.வி., பி.பி., என்.பி. என மூன்று குறிகள் காணப்பட்டன. இவை பர்மிங்காம் சோதனைச்சாலையின் முத்திரைகள். அந்நாட்டில் எந்தத் துப்பாக்கிக் குழலையும், வழக்கமான அளவினும் மிகுதியாக மருந்திட்டு வெடித்துச் சோதித்து முத்திரையிட்டாலன்றி விற்றல் கூடாதென்பது சட்டம். பர்மிங்காமில் இதற்கென்றே 1813-இல் பார்லிமெண்டுச் சட்டத்தால் ஒரு சாலை ஏற்பட்டது. பி.வி. என்பது கண்ணால் நோக்கியதற்கும், பி.பி. என்பது கருமருந்தாற் சோதித்ததற்கும், என்.பி. என்பது புகையில்லா மருந்தாற் சோதித்ததற்கும் அடையாளம். முடியணிந்த இம்மூன்றும் ஒருங்கே வழங்கிய காலம் 1904 முதல் 1954 வரை. ஆகவே அம்முடி ஒருவர் வீரத்துக்குச் சூட்டியதன்று. இரும்பின் உறுதிக்குச் சூட்டியது.

கம்மியர் குழலை மரத்தினின்று கழற்றிக் கவிழ்த்துக் காட்டினார். அடிப்புறத்தில், குறுக்காகச் சாய்ந்த இரண்டு ஈட்டிகளும் அவற்றின் இடையே எழுத்துகளும் கொண்ட மிகச் சிறு குறியொன்று இருந்தது. ஆண்டை உணர்த்தும் எழுத்தோடு கூடிய இம்முத்திரையை அச்சோதனைச்சாலை 1921 முதலே இட்டுவந்தது. எம் பாட்டனாரோ 1919-இல் படையினின்று விடுபட்டவர். அதற்குரிய பத்திரம் வீட்டில் இருக்கிறது. அவர் ஊர் திரும்பியபோது இந்த ரைபிள் உலகத்தில் இல்லை. கதை இவ்விடத்தில் முற்றும் அறுந்தது.

இனிக் குழலின் அளவு ஒரு சரித்திரமே சொல்லும். குழலின்மேல் 315 என்னும் இலக்கம் மங்கலாய்த் தெரிந்தது. அஃதாவது ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் 315 பங்கு. மில்லிமீட்டரிற் சொன்னால் 8. பிரிட்டிஷ் படையின் அளவோ .303. ஒரே வகைப் பொறியுறுப்பை வைத்துக்கொண்டு, இந்தியக் குடிகளுக்கு விற்பதை மட்டும் வேறளவில் செய்தது ஏன்? படைக்குரிய தோட்டா குடிகளின் துப்பாக்கிக்குப் பொருந்திவிட்டால், களவிலோ கலகத்திலோ அது பயன்பட்டுவிடும் என்னும் அச்சமே காரணம். அதனால் ஆஸ்திரிய நாட்டுப் படையில் வழங்கிய மான்லிக்கர் தோட்டாவின் அளவைத் தழுவிய .315 இந்நாட்டுக்கு விடப்பட்டது. இவ்வச்சம் புதிதன்று. 1857-ஆம் ஆண்டுக் கிளர்ச்சிக்குப்பின், இந்தியச் சிப்பாய்களுக்குக் குழலின் உட்புறத்தில் மறைபோற் சுற்றிச்செல்லும் சால்கள் இல்லாத துப்பாக்கிகளே கொடுக்கப்பட்டன. சால் இன்றேல் குண்டு நெடுந்தொலைவு குறி தவறாது செல்லாது. 1878-ஆம் ஆண்டுப் படைக்கலச் சட்டம் இந்தியரை உரிமம் பெறச்செய்து ஐரோப்பியரை அதனின்று விலக்கியது. ஆளப்படுவோரிடத்து ஆள்வோர் கொண்ட ஐயத்தைப் புத்தகத்திற் படித்திருந்தோம். ஒரு குழலின் விட்டத்திலும் அது தசமப் புள்ளியோடு எழுதப்பட்டிருக்கும் என்பதை அன்றே கண்டோம். நாடு விடுதலையடைந்து பல்லாண்டுகள் கழிந்தும் .315 அளவு ரைபிளையே அரசாங்க ஆலைகள் குடிமக்களுக்கெனச் செய்துவந்தன.

இது நிற்க. மதிப்பின் செய்திக்கு வருவோம். பழந்துப்பாக்கியின் விலையை நிறுப்பவை நான்கு என்று கம்மியர் விரல்விட்டு எண்ணினார். ஒன்று, உறுப்புகள் யாவும் பிறந்தபடியே இருத்தல். உடலில் உள்ள எண்ணும் தாழ்க்கோலில் உள்ள எண்ணும் ஒன்றாயிருத்தல் வேண்டும். எம்முடையதில் அவை ஒத்திருந்தன. இரண்டு, மேற்பூச்சு. இரும்பின் நீலமெருகு தேய்ந்திருந்தாலும் பழைய மெருகே விலை பெறும். புதிதாய்த் தீட்டிப் பளபளப்பாக்கினால் குறிகளின் விளிம்பு மழுங்கி விலை குறையும். தேர்தல்தோறும் துப்பாக்கிகளைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கும் வழக்கத்தால், ஈரச்சுவரில் சார்ந்திருந்த ஒருபுறம் துரு ஏறியிருந்தது. அதனைப் பரிகரிக்க எண்ணெய் போதும், அரம் வேண்டா என்றார். மூன்று, குழலின் உட்புறம். நான்கு, எழுத்துச் சான்று. "போர்க்களத்திலிருந்து வந்தது என்று வீட்டுக்கு வீடு சொல்லுகிறார்கள். கதைக்கு விலையில்லை, கடுதாசிக்கு விலையுண்டு" என்று சிரித்தார்.

வணிகர் கூறிய விலைகள் எமக்கு வியப்பளித்தன. மூன்றனுள் 12 போர் துப்பாக்கிக்கே அவர் மிகுந்த தொகை தர முன்வந்தார். 1980-ஐ அடுத்த ஆண்டுகளின் நடுப்பகுதியில் குடிமக்களுக்காக அயல்நாட்டுத் துப்பாக்கிகள் இறக்குமதியாதல் நின்றுபோகவே, அதற்கு முன் வந்த இங்கிலீஷ் துப்பாக்கிகளுக்கு அவை பிறந்த நாட்டிலும் இங்கே விலை மிகுதியாயிற்று. அவற்றுள்ளும் தோட்டா எளிதிற் கிடைப்பதை நாடுவோர் பலர். ரைபிளுக்கு அதிற் பாதியே சொன்னார். கேப்புத் துப்பாக்கியைப் பழைய இரும்பென்றே கருதினார்.

குழலின் உட்புறத்தை ஒளியிட்டு நோக்கிய கம்மியர் மட்டும் நெடுநேரம் வாளாவிருந்தார். பின்னர், "இந்தத் துப்பாக்கி அதிகம் சுடப்பட்டதில்லை. நூறு வருஷப் பழக்கத்துக்குச் சால்கள் இவ்வளவு கூர்மையாய் இருக்கமாட்டா. சுட்ட சில முறையும் யாரோ வெந்நீர் ஊற்றிக் கழுவியிருக்கிறார்கள்" என்றார். அக்காலத்துத் தோட்டாக்களின் பொறிமருந்திற் பொட்டாசியம் குளோரேட்டு இருந்தது. வெடித்தபின் அது குழலினுள் உப்பாய்த் தங்கி, காற்றின் ஈரத்தை ஈர்த்து இரும்பை அரிக்கும். எண்ணெய் அவ்வுப்பைக் கரைக்காது, வெந்நீரே கரைக்கும். படையில் பழகியவர்க்கு இவ்வொழுக்கம் கைவந்தது.

இச்சொல் கேட்டபின்னரே, உரிமப் புத்தகத்தோடு ஒரே துணியிற் சுற்றி வைத்திருந்த பாட்டனாரின் சிறு குறிப்பேட்டை யாம் கருத்தூன்றிப் படிக்கலாயினோம். உரிமப் புத்தகம் உண்மையை ஒளியாது உரைத்தது. ரைபிள் 1926-இல் சென்னை வணிகர் ஒருவரிடம் விலைக்கு வாங்கப்பட்டது. காரணம், பயிரையும் கால்நடையையும் காத்தல். அவர் இறந்த 1962-ஆம் ஆண்டுவரை வாங்கிய தோட்டாக்கள் 60. இறந்தபின் ஒப்படைத்தவை 19. ஆகவே 36 ஆண்டுகளில் அவர் வெடித்தவை 41. அந்த 41-க்கும் குறிப்பேட்டில் கணக்கிருந்தது. 'கிடையில் கன்றைத் தின்ற சிறுத்தைக்கு 2; ஒன்று தவறியது.' 'தினைக்கொல்லையிற் பன்றிக்கு 1.' 'வெறிநாய்க்கு 1.' 'குறி சரிபார்க்க 1.' 'தவறியது' என்னும் சொல்லை ஒன்பதிடத்தில் கண்டோம். ஒவ்வொரு வரியின் இறுதியிலும் 'வெந்நீர் விட்டது' என்னும் முடிவுரை. பெருமை பேசும் சொல் ஒன்றுமில்லை. மெசபொத்தாமியா என்னும் பெயரும் இல்லை. வனவிலங்குகளைக் காக்கும் சட்டம் 1972-இல் வருவதற்கு முன்னர், மலையடிவாரத்தில் ரைபிள் வைத்திருந்தவர் எதையெதைச் சுட்டாலும் பெரும்பாலும் கேட்பாரில்லை. கேட்பாரில்லாத அக்காலத்தில், தம்மைத் தாமே கேட்டுக்கொண்ட ஒருவரின் கணக்கு அது. போரிலே தோட்டா எண்ணிக்கையின்றிச் செலவாவதைப் பார்த்துத் திரும்பியவர், வீட்டில் ஒவ்வொன்றையும் எண்ணினார்.

இவ்வுண்மையை வீட்டில் எவ்வாறு எடுத்துரைப்பது என்பது எம் கவலை. பெற்ற தந்தையின் வீரத்தையே பெருமையாய்க் கொண்டிருந்த சிறிய தந்தையாரிடம் குறிகளின் பொருளையும் ஆண்டுகளையும் விளக்கினோம். அவர், "ஆண்டெழுத்து மாறிப் பதிந்திருக்கலாகாதா?" என்றார். படையிலிருந்து விலகும் சிப்பாய் அரசாங்கத் துப்பாக்கியையோ பகைவர் துப்பாக்கியையோ தோளிற் சாய்த்துக்கொண்டு ஊர் போக விடப்படுவானா என்று தமக்கையார் பணிவுடன் வினவினார். அதற்கு அவர் விடையளிக்கவில்லை. குறிப்பேட்டை வாங்கிக்கொண்டு திண்ணைக்குப் போய்விட்டார்.

பெரிய அன்னையார் அப்போது 84 வயதினர். சுவரோரம் அமர்ந்து யாவும் கேட்டுக்கொண்டிருந்தவர், "அப்படியானால் மாமா அந்தத் துருக்கிக்காரனைக் கொல்லவில்லையா?" என்றார். போரிலே என்ன நேர்ந்ததென்று எவரும் அறியோம். இத்துப்பாக்கி எவரையும் கொன்று பறித்ததன்று என்பது மட்டும் உறுதி என்றோம். அவர் சிறிதுநேரம் தம் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். "இந்த வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த வருஷம் முதல் அதற்கு நான்தான் சந்தனம் வைக்கிறேன். பிள்ளையைப் பறிகொடுத்தவள் ஒருத்தி எங்கேயோ இருந்து பார்க்கிறாளே, அவள் வயிற்றெரிச்சல் நம் பிள்ளைகள்மேல் விழக்கூடாதே என்று ஒவ்வொரு வருஷமும் வேண்டிக்கொண்டே வைப்பேன். யாரிடத்திலும் சொன்னதில்லை. இனிமேல் பயமில்லாமல் வைக்கலாம்" என்றார். கதை நடக்கும்போதெல்லாம் அவர் ஏன் அடுக்களைக்குட் சென்றார் என்பது எமக்கு அப்போது விளங்கியது.

முடிவு அதன்பின் எளிதாயிற்று. வணிகர் மிகுந்த விலை சொன்ன 12 போர் துப்பாக்கியை அவருக்கே விற்றுவிடத் தமக்கையார் இசைந்தார். அத்தொகை மாட்டுத்தொழுவத்துக்குக் கூரையாயிற்று. கேப்புத் துப்பாக்கியும் ரைபிளும் உரிய அனுமதியோடு அவர் பெயருக்கு மாறின. சிறிய தந்தையார் இன்றும் முழுதும் ஒப்பினார் என்று சொல்லுதற்கில்லை. ஆயினும் அவர் தம் பேரர்க்குச் சொல்லும் கதை மாறியிருக்கிறது. துருக்கியனைப் பற்றி அவர் இப்பொழுது பேசுவதில்லை, குறிப்பேட்டைத் திறந்து, "இந்த வரியைப் படி, எத்தனை தோட்டா, ஏன் சுட்டார், சொல்" என்று எழுத்துக்கூட்டிப் படிக்கவைக்கிறார். பாட்டனார் போருக்குச் சென்றதற்குச் சான்றாக இரண்டு பதக்கங்கள் பெட்டியில் உள்ளன. அவற்றின் விளிம்பில் அவர் பெயரும் படையெண்ணும் பொறிக்கப்பட்டிருக்கின்றன. போர்ப் பெருமைக்கு அவை போதும்.

நண்பர்களே, நும் வீட்டிலும் வாளோ கடிகாரமோ தராசோ ஓலைக்கட்டோ முன்னோர் பெயரால் இருக்கலாம். அதனை விற்க நினைத்தாலும் வணங்க நினைத்தாலும், முதற்கண் அதன்மேல் எழுதியிருப்பதைப் படிமின். அடியிலும் கவிழ்த்துப் பார்மின். அதனோடு சுற்றிவைத்த கிழிந்த தாளையும் எறியற்க. விலை இன்னதென்று வணிகர் சொல்லுவர்; அது சந்தைக்குச் சந்தை வேறுபடும். பொருளை வைத்திருந்தவர் எத்தகையவர் என்பதைப் பொருளும் தாளும் சேர்ந்தே சொல்லும். அச்சொல்லைக் கேட்கும் பொறுமையே வாரிசாதற்குரிய தகுதி என்பது எமது துணிபு.